நூற்றுக்கு இரண்டு

விளாங்குடியில் வீடு பார்க்க வருகிறவர்களிடம் பாண்டீஸ்வரி முதலில் பேசுவது தன் கமிஷனைப் பற்றித்தான். ஸ்கூட்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிய கையோடு சொல்லிவிடுவாள். வாடகை வீடு என்றால் ஒரு மாத வாடகை. கிரையம் என்றால் விற்கிறவரிடம் நூற்றுக்கு இரண்டு, வாங்குகிறவரிடம் நூற்றுக்கு ஒன்று. வீடு காட்டுவதற்குக் காசு கிடையாது. பத்திரம் பதிவாகவில்லை என்றால் அவளுக்கும் ஒன்றும் கிடையாது.

“பின்னால பேசிக்கிருவோம்னு விட்டா அந்தப் பின்னாலதான் சண்டையே வரும் சார்” என்று ஷ்யாமிடமும் சொன்னாள். “எனக்கு என்ன கெடைக்கும்னு யார் கேட்டாலும் மறைக்க மாட்டேன். நீங்க விக்கிறவர்கிட்டக் கேட்டாலும் இதே கணக்குத்தான் சொல்லுவாரு.”

ஷ்யாம் நகரத்தில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்தான். அவன் மனைவி பிருந்தா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணமானதிலிருந்து சிம்மக்கல்லில் ஒரு மளிகை மொத்தக் கடையின் மாடியில் குடியிருந்தார்கள். விடியற்காலையில் லாரி வந்து மூட்டை இறக்கும் சத்தத்தில்தான் தினமும் எழுந்திருக்க வேண்டும். வீட்டுக்குள் எப்போதும் மிளகாய் வத்தல் நெடி. சொந்தமாக, தரையோடு இருக்கிற ஒரு சின்ன வீடு போதும் என்று இரண்டு பேரும் முடிவுசெய்து பேங்க் லோனுக்கு எழுதிப் போட்டிருந்தார்கள்.

கோடையில் தேட ஆரம்பித்தது மழைக்காலம் வரை இழுத்தது. பாண்டீஸ்வரி சலிக்காமல் கூட்டிக்கொண்டு அலைந்தாள். ஒரு வீட்டில் பிருந்தாவுக்குச் சமையலறை பிடித்துப்போய், “இதையே முடிச்சிடலாமே அக்கா” என்றாள். பாண்டீஸ்வரி அவளைக் கொல்லைப்பக்கம் கூட்டிப் போய், புதிதாக வெள்ளையடித்திருந்த சுவரின் அடியைத் தடவிக் காட்டினாள். விரல் ஈரமாக இருந்தது. “நல்ல மழை பேஞ்சா கம்மாத் தண்ணி இங்கதான்மா நிக்கும். வேணாம்” என்றாள். அன்றைக்கு அவளுக்குப் போனது பெட்ரோல் மட்டுமல்ல, கைக்கு வரவேண்டிய கமிஷனும்தான் என்று ஷ்யாமுக்குத் தெரிந்தது. ஆனாலும் அவன் மனதுக்குள், வீட்டைக் காட்டிவிடுவதற்கு இவ்வளவு பணமா என்ற எண்ணம் இருந்துகொண்டேதான் இருந்தது.

கடைசியில் அமைந்தது விருமாண்டியின் வீடு. பழைய வீடுதான். ஆனால் கட்டுமானம் பலம். வாசலில் ஒரு முருங்கை, பக்கவாட்டில் காற்று வருகிற சந்து, பின்னால் துணி காயப்போட வெயில் விழும் இடம். விருமாண்டியின் அப்பா தோட்டத்தை விற்ற பணத்தில் கட்டியது. அப்பாவும் அம்மாவும் காலமான பிறகு பூட்டியே கிடந்தது. விருமாண்டி அடுத்த தெருவில் சிமெண்டுக் கடை வைத்திருந்தார். பேரம் பேசி ஐம்பத்து நாலு லட்சத்துக்கு முடிந்தது. ஷ்யாம் இரண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்தான். பிருந்தா அன்றைக்கே ஜன்னல் திரைக்கு அளவெடுத்துக்கொண்டாள்.

அதன் பிறகுதான் விருமாண்டி தன் கடையில் வைத்துப் பாண்டீஸ்வரியிடம் ஒரு விஷயத்தைச் சொன்னார்.

“தம்பி ஒருத்தன் இருக்கான். பரவையில காய்கறிக் கமிஷன் கடை வச்சிருக்கான், ஆண்டிச்சாமின்னு. அவன் பங்கை எனக்கு விட்டுக் குடுத்து ஒரு விடுதலைப் பத்திரம் எழுதித் தரணும். ஆள் விட்டுக் கேட்டா முறுக்கிக்கிட்டுத் திரியிறான். நீ நாலு இடம் பேசுற பொம்பள. போய்ப் பேசிப் பாரு.”

“நீங்களே போகலாமேண்ணே?”

“ரெண்டு வருசமாப் பேச்சு இல்ல. ஆத்தா காரியத்தோட நின்னு போச்சு.” அவர் கல்லாப்பெட்டியை இழுத்து மூடினார். “ஒண்ணு மட்டும் சொல்லிப்புட்டேன். வெலை எதையும் அவன்கிட்டப் பேசாத. அது அண்ணன் தம்பி விசயம்.”

பாண்டீஸ்வரிக்கு அது புதிதாகத் தெரியவில்லை. குடும்பத்துக்குள் பணப்பேச்சைத் தாங்களே வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் நிறையப் பேர். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமல் பரவை மார்க்கெட்டுக்குப் போனாள். தக்காளிப் பெட்டிகளுக்கும் முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கும் நடுவில் சேறு மிதித்து நடந்து ஆண்டிச்சாமியின் கடையைக் கண்டுபிடித்தாள். ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஒல்லியான உடம்பு, தோளில் துண்டு, தொண்டை மட்டும் பெரிய தொண்டை. அவர் ஏலம் கூறி முடித்து, கத்தரிக்காய் கொண்டுவந்த விவசாயிக்குப் பணத்தை எண்ணிக் கொடுக்கும்வரை ஓரமாக நின்றாள்.

“அண்ணே, விளாங்குடியில இருந்து வாரேன். உங்க வீட்டு விசயமா.”

அவர் முகம் இறுகிவிட்டது. “அண்ணன் அனுப்புனாரா? நீ யாரு?”

“புரோக்கருண்ணே. பேரு பாண்டீஸ்வரி.”

“கமிஷனுக்கு வந்திருக்க.”

“ஆமாண்ணே. கமிஷனுக்குத்தான் வந்திருக்கேன். நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் பத்திரம் நடக்கும். பத்திரம் நடந்தாத்தான் எனக்குக் காசு. வேற என்னன்னு சொல்ல?”

இந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. வந்தவர்கள் எல்லாம் பாசம், ரத்தம், பெத்தவர்கள் ஆத்மா என்றுதான் ஆரம்பித்திருந்தார்கள். அவர் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னார். டீ வந்தது.

“நானும் கமிஷன் கடைக்காரன்தான் தாயி. வெள்ளாமை வைக்கிற சம்சாரி கொண்டாற சரக்க வித்துக் குடுத்து நூத்துக்குப் பத்து எடுக்கிறேன். ஊருக்குள்ள என்னைய எவனும் நல்லவன்னு சொல்ல மாட்டான். சரக்கு விக்காமக் கெடந்து அழுகுனா நான்தான் அள்ளிக் கொட்டுறேன், அது ஒருத்தன் கண்ணுக்கும் தெரியாது.” டீயை ஊதிக் குடித்தார். “நீ எம்புட்டு எடுக்குற?”

“விக்கிறவங்க பக்கம் ரெண்டுண்ணே. வாங்குறவங்க பக்கம் ஒண்ணு.”

“ரெண்டுதானா? வயித்துக்குப் பத்துமா? ரூவாயா எம்புட்டு வரும்?”

“உங்க பக்கம் ஒண்ணு எட்டு வரும்ண்ணே. ஒரு லட்சத்து எட்டாயிரம்.”

தன் கமிஷனை யார் கேட்டாலும் சொல்கிற பழக்கத்தில் சொல்லிவிட்டாள். சொல்லி முடித்த பிறகுதான் எதிரே உட்கார்ந்திருப்பவர் நாள் முழுக்க நூற்றுக்கு இத்தனை என்று கணக்குப் போடுகிற மனிதர் என்பது உறைத்தது.

ஆண்டிச்சாமி டீ கிளாசைக் கீழே வைத்தார்.

“அப்ப வீடு அம்பத்தி நாலுக்குப் போகுது.”

பாண்டீஸ்வரி தன் கிளாசையும் கீழே வைத்தாள்.

“முப்பத்தாறுக்கு மேல ஒரு காசு போகாது, உனக்குப் பதினெட்டு தாரேன், எழுதிக் குடுன்னு சொல்லி அனுப்புனான்.” அவர் குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. “நான் காசுக்காகவா முறுக்குனேன்? நேரா வந்து தம்பின்னு கூப்புடலையேன்னுதான் வருத்தம். இப்ப இது வேறயா?”

அவர் எழுந்து போய் எடைத் தராசுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். துண்டால் முகத்தைத் துடைத்தார். ஒரு லாரி பின்பக்கமாக வந்து நின்றது. ஆட்கள் கூப்பிட்டார்கள். அவர் திரும்பிப் பார்க்காமலே, “போயிட்டு வா தாயி. நீ ஒண்ணும் தப்புச் சொல்லல” என்றார்.

பாண்டீஸ்வரி ஸ்கூட்டியில் திண்டுக்கல் சாலை வழியாகத் திரும்பினாள். மகள் அஸ்வினிக்குக் கல்லூரிப் பணம் கட்ட அவள் நம்பியிருந்தது இந்தப் பத்திரத்தைத்தான். கணவர் கண்ணுச்சாமி சிம்மக்கல்லில் ஆட்டோ ஓட்டுகிறார். அது வீட்டுச் செலவுக்குச் சரியாகிவிடும். ஆனால் அவளை அதைவிட வேறொன்று உறுத்தியது. ஜன்னல் திரைக்கு அளவெடுத்த பெண்ணிடம் என்ன சொல்வது?

அவள் வீட்டுக்குப் போகாமல் நேராகச் சிம்மக்கல்லுக்கு வண்டியை விட்டாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பேரும் வீட்டில் இருந்தார்கள். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னாள்.

“என் வாயால உங்க வீடு கை விட்டுப் போயிரும் போல இருக்கு சார். உங்ககிட்ட மறைக்கக் கூடாதுன்னு வந்தேன்.”

ஷ்யாமுக்குக் கோபம் வந்தது. “விலையைச் சொல்லாதீங்கன்னு அவரு சொல்லியிருக்கார்ல? அஞ்சு நிமிஷம் சமாளிக்கத் தெரியாதா?”

பிருந்தா உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து பாண்டீஸ்வரி கையில் கொடுத்தாள். கணவன் பக்கம் திரும்பினாள்.

“சமாளிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்? அவர் ஏமாந்து எழுதிக் கொடுத்திருப்பார். நாம குடிபோயிருப்போம். என்னைக்காவது ஒருநாள் அவருக்குத் தெரியாமலா இருக்கும்? கோர்ட்ல கேஸ் போட்டா யார் வீட்டு வாசல்ல நோட்டீஸ் ஒட்டுவாங்க?” அவள் பாண்டீஸ்வரியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். “நல்லவேளை அக்கா. பத்திரத்துக்கு முன்னாடியே வெளிய வந்துச்சே.”

ஷ்யாம் எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தான். பிறகு, “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டான். அதுதான் அவன் மன்னிப்புக் கேட்கிற விதம் என்று பிருந்தா சொல்லிச் சிரித்தாள். அன்று அவர்கள் வீட்டில்தான் பாண்டீஸ்வரி இட்லி சாப்பிட்டாள்.

மறுநாள் காலை விருமாண்டியின் போன் வந்தது. தம்பி ஆளனுப்பிக் கேட்டுவிட்டான் போலிருக்கிறது. அவர் பேசிய பேச்சைக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை.

“என் பக்கம் ஒத்தப் பைசா கெடையாது உனக்கு! காட்டிக் குடுக்கவா உன்னைய அனுப்புனேன்? ஆத்தா படுக்கையில கெடந்தப்ப மூணு வருசம் தூக்கி எடுத்தது யாரு? நானும் எம்பொண்டாட்டியும்! அவன் பழம் வாங்கிட்டு வந்து பாத்துட்டுப் போவான். ஆஸ்பத்திரிக்குக் கொட்டுனது யாரு காசு? சமமாப் பங்கு கேக்க வந்துட்டான்!”

பாண்டீஸ்வரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அவர் தானாகவே போனை வைத்தார்.

அன்று மத்தியானம் விருமாண்டி ஷ்யாமையும் கூப்பிட்டிருக்கிறார். அந்தப் பொம்பளையை விட்டுவிட்டு நேரே வந்தால் அவளுக்குக் கொடுக்கிற கமிஷனை விலையில் குறைத்துக்கொள்ளலாம், தம்பியைத் தான் வேறு ஆள் வைத்துச் சரிக்கட்டிக்கொள்கிறேன் என்றாராம். ஷ்யாமின் பதிலைப் பிருந்தாதான் பிறகு பாண்டீஸ்வரியிடம் சொன்னாள். “வீடு காட்டுனது அவங்க சார். அவங்க இல்லாம நாங்க வர மாட்டோம். உங்க தம்பி நேரா வந்து கையெழுத்துப் போட்டாத்தான் வாங்குவோம். இல்லேன்னா அட்வான்ஸைக் குடுத்திடுங்க.” சமாளிக்கத் தெரியாதா என்று கோபப்பட்ட அதே ஷ்யாம்தான். இந்தத் தொழிலில் அவளை ஓரங்கட்டிவிட்டுப் பின்வாசல் வழியாக முடித்துக்கொண்டவர்கள் உண்டு. அவளுக்காக ஒரு வீட்டையே வேண்டாம் என்று சொன்னவர்கள் இவர்கள்தான்.

அந்தத் தெம்பில் அவள் மறுபடியும் பரவைக்குப் போனாள். இந்தத் தடவை மார்க்கெட் ஓய்ந்திருந்தது. ஆண்டிச்சாமி கடையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்.

வழியெல்லாம் அவள் ஒன்றை யோசித்துக்கொண்டே வந்தாள். விருமாண்டி பேசியதில் முக்கால்வாசி வசவு. அதைக் கொண்டுவந்து இங்கே கொட்டினால் இரண்டு பேரும் ஜென்மத்துக்கும் பேச மாட்டார்கள். அந்த வசவுக்குள் ஒரு வருத்தம் இருந்தது. அதை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

“அண்ணே, அவரு பண்ணுனது தப்புத்தான். அதுல நான் பேச ஒண்ணுமில்ல. ஆனா ஒண்ணு சொன்னாரு. ஆத்தா படுக்கையில இருந்தப்ப அவரும் மதினியும் பாத்தாங்களாம். ஆஸ்பத்திரிச் செலவும் அவரு பாத்தாராம். அத யாரும் ஒரு வார்த்தை கேக்கலைன்னு அவருக்கு இருக்கும்போல.”

ஆண்டிச்சாமி வாளியைக் கீழே வைத்தார். சுவரில் சாய்ந்துகொண்டார்.

“பாத்தாங்கதான் தாயி. பொய் இல்ல. மதினி மலம் மூத்திரம் அள்ளுச்சு. எங்க வீட்டுல அப்ப பிரசவம், கடையில கடன். நான் வந்து வந்து பாத்துட்டுத்தான் போனேன்.” ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். “அதச் சொல்லிக் கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா? ‘டேய், செலவு ஆச்சுடா, அதக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தப் பிரிப்போம்’னு ஒரு வார்த்தை. அதுக்குப் போயி வெலையக் கொறச்சுச் சொல்லணுமா?”

“இத நீங்களே அவருகிட்டச் சொல்லுங்கண்ணே. நான் சொன்னா புரோக்கர் பேச்சாப் போயிரும்.”

அவர் மறுபடியும் வாளியைத் தூக்கினார். ஆனால் அன்று சாயங்காலமே, ஒரு கூடை காய்கறியோடு அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார். கதவைத் திறந்தது விருமாண்டியின் மனைவி முத்துத்தாய். “இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சாக்கும்?” என்று சொல்லிவிட்டு, கூடையை வாங்கிக்கொண்டு உள்ளே போய் உலை வைத்திருக்கிறாள். அண்ணனும் தம்பியும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று பாண்டீஸ்வரிக்கு யாரும் விவரமாகச் சொல்லவில்லை. முதலில் சத்தம், பிறகு அழுகை, பிறகு சாப்பாடு என்று முத்துத்தாய் பிற்பாடு ஒரே வரியில் சொன்னாள். ஆத்தாவுக்கு ஆன ஆஸ்பத்திரிச் செலவை முதலில் கழிப்பது, மிச்சத்தில் ஆளுக்குப் பாதி, விடுதலைப் பத்திரம் வேண்டாம், இரண்டு பேருமே நேரில் வந்து கிரையம் எழுதிக் கொடுப்பது என்று பேசி முடித்திருந்தார்கள்.

பத்திரப் பதிவு அன்று ஆபீஸ் வாசலில் விருமாண்டி பாண்டீஸ்வரியைப் பார்க்காதது மாதிரியே நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஆண்டிச்சாமி மார்க்கெட்டிலிருந்து அப்படியே வந்திருந்தார். துண்டில் மல்லித்தழை வாசனை. உள்ளே பெயர் கூப்பிட்டார்கள். கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அண்ணன் கைரேகை வைத்தார், தம்பி கைரேகை வைத்தார். ஷ்யாம் கையெழுத்துப் போடும்போது பேனா எழுதவில்லை. விருமாண்டி தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். பிருந்தா சாவியை வாங்கி, எல்லோரும் பார்க்கக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் ஷ்யாம் முதல் ஆளாக வந்து, பேசியபடி நூற்றுக்கு ஒன்றைப் பாண்டீஸ்வரியின் கணக்குக்கு அனுப்பி, போனைக் காட்டினான்.

“அக்கா, நான் ஒண்ணு சொல்லணும். இது கூடுதல்னு முதல்ல நெனச்சேன். வீடு காட்டுறதுக்கு மட்டும் குடுக்கிற காசுன்னு நெனச்சேன்.”

“எல்லாரும் அப்படித்தான் நெனைப்பாங்க சார். அலைஞ்சது, கேட்டது, வாங்கிக் கட்டிக்கிட்டது எல்லாம் இதுக்குள்ளதான் வரும்.”

“இன்னும் கொஞ்சம் போடட்டுமா?”

“வேணாம் சார். பேசுனது பேசுனதுதான். கூலி வேற, பிரியம் வேற. பிரியத்த இதுல சேத்துப் போட்டா அடுத்த வீட்டுக்கு நான் என்னன்னு கேக்குறது?”

ஆண்டிச்சாமி மடியிலிருந்து ஒரு கவரை எடுத்துக் கொடுத்தார். அவர் பாதிக்கு உண்டான கமிஷன், குறையாமல். “என்னையப் பதினெட்டோட அனுப்ப இருந்தாங்க தாயி. அந்தக் காசு கூட ரெண்டாம்பட்சம். அண்ணன் வீட்டுல சோறு தின்னேன்” என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

விருமாண்டியின் பாதியைப் பாண்டீஸ்வரி கேட்கவில்லை. கேட்பதாகவும் இல்லை. ஹெல்மெட்டை மாட்டி வண்டியை எடுக்கப் போனவளை, “ஏத்தா, நில்லு” என்று அவர்தான் கூப்பிட்டார்.

“ஒத்தப் பைசா தர மாட்டேன்னு சொன்னேன்ல?”

“சொன்னீங்கண்ணே.”

“கோவத்துல சொன்னது.” நாலாய் மடித்த நோட்டுக் கட்டை நீட்டினார். “ரெண்டுன்னு பேசுனோம். ஒண்ணுதான் தருவேன். மிச்சம், வெலையச் சொன்னதுக்கு அபராதம்.”

பாண்டீஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளால் அடக்க முடியவில்லை. “சரிண்ணே, அபராதம் கட்டுனதா இருக்கட்டும்” என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவர் மீசை லேசாக அசைந்தது. சிரித்தாரா இல்லையா என்று சொல்ல முடியாது. இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்து, தணிந்த குரலில், “ஆத்தா போனதுக்கப்பறம் அன்னைக்கித்தான் வீட்டுல நாலு எலை விழுந்துச்சு. நல்லா இரு” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார்.

கல்லூரிக்குக் கட்டியதுபோகக் கொஞ்சம் மிஞ்சியது. கண்ணுச்சாமியின் ஆட்டோவுக்குப் புது டயர் போட்டார்கள்.

தை பிறந்ததும் ஷ்யாமும் பிருந்தாவும் பால் காய்ச்சினார்கள். பிருந்தா முந்தின நாளே வந்து, வீட்டாரோடு வர வேண்டும் என்று குங்குமம் கொடுத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். சாவி கைமாறிய பிறகு பாண்டீஸ்வரி தான் முடித்துக்கொடுத்த எந்த வீட்டுக்குள்ளும் போனது கிடையாது. யாரும் கூப்பிட்டதும் இல்லை. அதை அவள் குறையாக நினைத்ததும் இல்லை. அன்றைக்கு எந்தப் புடவை கட்டுவது என்று அரைமணி நேரம் யோசித்தாள்.

போனபோது வீடு முழுக்க ஆட்கள். முத்துத்தாய் உள்ளே சொந்த வீட்டுக்காரி மாதிரி நடமாடி, எந்த ஜன்னலைத் திறந்தால் அடுப்பு அணையாது என்று பிருந்தாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். விருமாண்டியும் ஆண்டிச்சாமியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தக்காளி விலை பேசினார்கள். பிருந்தாவின் அம்மா ஸ்யாமளா வாசலுக்கே வந்து பாண்டீஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்கதானா அது? என் பொண்ணு தினமும் உங்களைப் பத்தித்தான் சொல்லுவா. வாங்கோ, உள்ள வாங்கோ.”

முதல் பந்தியிலேயே அவளை உட்கார வைத்தார்கள். கண்ணுச்சாமி ஒரு பக்கம், அஸ்வினி ஒரு பக்கம். பிருந்தா தானே குனிந்து இலையில் பாயசம் விட்டாள். “இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க அக்கா. இதுக்கெல்லாம் பர்சன்ட் கிடையாது” என்றாள்.

பாண்டீஸ்வரி சிரித்தபடி தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. முருங்கைப் பூ உதிர்ந்து கிடந்த வாசலையும், உள்ளே பேசிச் சிரிக்கிற குரல்களையும், இத்தனை பேரை இன்றைக்கு ஒரே கூரையின் கீழே உட்கார வைத்த தெய்வத்தையும் மனதுக்குள் கும்பிட்டாள். பிறகு பாயசத்தை நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.